ஹெட்லைட் போடாமல் வந்த அக்கா

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். காபி குடித்துவிட்டு ரயில் பாதையை ஒட்டிய தெருவில் வழக்கமான தூரம் நடந்தேன். லேசான குளிர். எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினேன். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். அன்று இரண்டு கட்டடங்கள். முதலாவதில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதில் நான்காம் மாடிக் கதவு மூடும்போது குறுக்கே கை வைத்தால் நிற்கவில்லை. அது சரியாகும்வரை லிஃப்டை ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் முகச்சுளிப்பையும் வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்குள் ஜீவனஹள்ளியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். வியாழக்கிழமை என்பதால் என் மனைவி ஊறவைத்த மொச்சையைத் தோல் பிதுக்கி எடுத்து, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்திருந்தாள். வியாழக்கிழமை என்றால் அக்கா சாப்பிட வருவாள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒக்கலிபுரத்தில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். அத்திம்பேர் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன் ஜெர்மனியில். வாரத்தில் மூன்று மாலை தொம்மலூரில், பழைய ஊர்ப்பகுதியில் ஒரு மாடி அறையில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறாள். சேலம், ஈரோடு, தூத்துக்குடிப் பிள்ளைகள். இலக்கணம் கிடையாது. தண்ணீர் லாரிக்காரரிடம் எப்படிப் பேசுவது, முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரரிடம் எப்படிக் கோபப்படுவது, இந்த மாதிரி. கோபப்படும் பாடத்துக்குத்தான் கூட்டம் அதிகம் என்பாள்.

அந்த வகுப்புக்கு அவள் காரில் போய் வருகிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டதால் பஸ் படி ஏற முடியாது. மாலை நேரத்தில் தொம்மலூரிலிருந்து ஒக்கலிபுரம் என்றால் ஆட்டோக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள். இப்போதிருப்பது போன வருடம் மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கார். கியர் தானாக மாறும். மழை விழுந்தால் கண்ணாடியைத் தானாகத் துடைக்கும். இருட்டினால் விளக்கும் தானாக எரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டு கேட் தூணில் காரின் இடது பக்கத்தைத் தேய்த்துவிட்டாள். அதை அவளே மகனிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. காரை விற்றுவிடலாம், தெரிந்த நண்பன் ஒருவன் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பான் என்று ஏற்பாடே செய்துவிட்டான். அக்கா மறுத்தாள். பிறகு அவன் எனக்குத் தனியாகப் போன் செய்தான். வியாழக்கிழமை வகுப்பு முடிந்து அம்மா இருட்டில் ஓட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தானே வருகிறாள், நீங்கள் கேட்டில் நின்று பாருங்கள், எப்படி வருகிறாள், எப்படி நிறுத்துகிறாள் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன், நீங்கள் சரி என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றான். என் வார்த்தையை அவன் நம்புவதற்குக் காரணம் என் வேலையாக இருக்கலாம். இதை அக்காவிடமும் சொல்லிவிட்டான். மறைத்துச் செய்கிற பையன் இல்லை. அக்கா என்னிடம், "நின்னு பாரு. மார்க் போடு" என்று மட்டும் சொன்னாள்.

ஆக ஏழரைக்கு நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் இப்போது வெள்ளை எல்இடி விளக்குகள். தரையில் விழுந்த ஊசியைக்கூட எடுத்துவிடலாம். தெருமுனையில் கார் திரும்பியதும் அக்காவுடையது என்று தெரிந்தது. முன்னால் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் எரிந்தன. அவை பகலிலும் எரிபவை. ஹெட்லைட் எரியவில்லை. மெதுவாக, நேராக வந்தாள். இண்டிகேட்டர் போட்டாள். கேட்டுக்குள் ஒரே திருப்பில் நுழைத்து, சுவரிலிருந்து சரியான இடைவெளி விட்டு நிறுத்தினாள். அவள் ஓட்டியதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் என்னைக் கடந்து உள்ளே போனபோது காரின் பின்பக்கம் முழு இருட்டாக இருந்தது. பிரேக் பிடித்தபோது மட்டும் சிவந்தது, விட்டதும் அணைந்தது.

இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள்.

"இந்த ஊருக்கு இன்னிக்கு என்னடா ஆச்சு? தொம்மலூர் தாண்டினதுலேர்ந்து ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டறான். ட்ரினிடி சிக்னல்ல ஒருத்தன் கண்ணாடிகிட்டயே வந்து ஆண்ட்டி ஆண்ட்டின்னு கத்தறான். நான் திரும்பவே இல்லை."

என்ன சொன்னான் என்று கேட்டேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, ரேடியோ பாடியது, கேட்கவில்லை என்றாள். கை எப்படி ஆட்டினார்கள் என்று கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? ரோட்டுல எவன் கையைக் காட்டினாலும் பார்க்கக் கூடாதுன்னு முதல் மாசத்துலயே கத்துக்கிட்டேன். பார்த்தா ஓட்ட முடியாது. பாத்திரம் கழுவப் போன்னு காட்டினவன்லாம் இருக்கான்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள். நான் உடனே பின்னால் போகவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். ஒன்பது மணிக்கு அக்கா மகனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கார் போய்விடும், அதோடு வகுப்பும் போய்விடும் என்பதும் தெரிந்தது. அதைவிட இன்னொன்றுதான் என்னை நிறுத்தி வைத்தது. விளக்கைப் போடு என்று காட்டும் அந்தக் கையைப் பார்க்கவில்லை என்று சொன்னவள் அக்கா. இந்த நகரத்தில் அந்தக் கையை அவளைவிட அதிகம் காட்டியவர்கள் யாராவது இருப்பார்களா என்பது சந்தேகம்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. வெளிர் நீலம். கியரும் கிளட்சும் இடது கையில், ஆக்சிலரேட்டர் வலது கையில். ஓட்டும்போது அப்பாவுக்கு இரண்டு கையும் ஒழியாது. அக்கா முன்னால், அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவே, கைப்பிடியின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கிக் கிடப்பேன். என் பார்வைக்கு அப்பாவின் சட்டை முதுகு மட்டும்தான். ஊர் முழுவதையும் பார்த்தவள் அக்கா.

சனிக்கிழமை மாலைகளில் ஒக்கலிபுரத்திலிருந்து கிளம்பி மெஜஸ்டிக் வழியாக, கப்பன் பார்க்கைக் குறுக்கே கடந்து, காக்ஸ் டவுனில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போவோம். அப்போது தெருவிளக்குகள் என்றால் டியூப் லைட்டுகள். மரக்கிளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஒன்று எரிந்தால் அடுத்தது கண் சிமிட்டும். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நல்ல இருட்டு. கப்பன் பார்க்குக்குள் மண்வாசனையும் இலைவாசனையும் சேர்ந்து குளிர் முகத்தில் அடிக்கும் என்று அக்கா சொல்வாள். எனக்கு அப்பாவின் சட்டையில் இஸ்திரி போட்ட வாசனை.

ஸ்கூட்டரின் விளக்கு இன்ஜின் ஓடுகிற ஓட்டத்துக்கு எரியும். வேகமாகப் போனால் பளிச்சென்று இருக்கும், சிக்னலில் நின்றால் மஞ்சளாகிச் சாகப் போகும். அதற்காக அப்பா நிற்கும்போதும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே இருப்பார். அத்தனை ஸ்கூட்டர்களும் அப்படியே செய்யும். சிவப்பு விழுந்திருக்கும் சந்தியில் நாலா பக்கமும் விளக்குகள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு விடுவதுபோல இருக்கும். ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில், எதிரே வருகிறவருக்குக் கண் கூசாமல் இருக்க, சட்டப்படி ஒரு கறுப்புப் பொட்டு. சைக்கிள்காரர்கள் டயரில் டைனமோவைச் சாய்த்துவிட்டு, அது கிர்ரென்று கத்த, தொடை வலிக்க மிதித்து வருவார்கள். டைனமோ இல்லாமல் வருபவர்கள் போலீஸ்காரரைத் தூரத்தில் பார்த்ததும் இறங்கித் தள்ளுவார்கள். பிடிபட்டால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்.

இருட்டில் விளக்கில்லாமல் யாராவது எதிரே வந்தால் சொல்ல வேண்டும். அது அன்றைக்கு எல்லோரும் செய்தது. கையை நீட்டி, ஐந்து விரல்களையும் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார்கள். அப்பாவுக்குக் கை ஒழியாததால் எங்கள் வண்டியில் அந்த உத்தியோகம் அக்காவுக்கு. அவள் அதை அரசாங்க உத்தியோகம் மாதிரியே பார்த்தாள். தூரத்தில் ஒரு கறுப்பு உருவம் தெரிந்ததுமே வலது கை மேலே போய்விடும். கை போதவில்லை என்றால் குரல். இருட்டில் வருகிறவர் எந்த மொழிக்காரர் என்று எப்படித் தெரியும்? அதனால் மூன்றையும் வரிசையாகப் போடுவாள். "லைட் ஹாக்ரீ! லைட் போடுங்க! பத்தீ ஜலாவ்!" பத்தீ என்று முடிப்பதற்குள் அவர் எங்களைக் கடந்துபோயிருப்பார். பெரும்பாலும் பின்னால் விளக்கு எரியும். அக்கா திரும்பிப் பார்க்க முடியாது. "எரிஞ்சுதா?" என்பாள். பின்னால் பார்க்கிற வசதி அம்மாவுக்குத்தான் இருந்தது. "எரிஞ்சுது, எரிஞ்சுது. ஒழுங்கா நில்லு" என்று அம்மா சொல்வார். எரியாதபோதும் அம்மா அதையே சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருமுறை நாங்களே விளக்கில்லாமல் போனோம். மெஜஸ்டிக் பக்கம் ஒரு ஜட்கா வண்டி எதிரே வந்தது. அதன் அடியில் ஒரு அரிக்கேன் விளக்கு ஊசலாடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்த விளக்கு போதுமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்து, அப்பாவைப் பார்த்து, "ஸ்வாமி, நிம்ம லைட்டே இல்ல" என்றார். அப்பா அவசரமாக விளக்கைப் போட்டார். பெரியப்பா வீட்டு வாசலில் இறங்கிய பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்தவில்லை. அப்பாவும் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த பல வாரங்களுக்கு வண்டியைக் கிளப்பும்போது அக்காதான், "அப்பா, ஜட்காக்காரர் கேக்கறார்" என்று ஞாபகப்படுத்துவாள்.

அந்தக் கை எப்போது காணாமல் போனது என்று யோசித்தால் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு இரு சக்கர வண்டிகளில் பகலிலும் விளக்கு தானாக எரியும்படி செய்தார்கள். வந்த புதிதில் ஊரெல்லாம் கைகள் எழுந்தன. உச்சி வெயிலில் விளக்கு எரிகிறதே என்று எதிரே வருகிறவர்கள் எல்லாம் விரல்களைக் குவித்து விரித்தார்கள். புது வண்டிக்காரர்கள் முதலில் தலையாட்டினார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள், பிறகு பார்க்காமல் போனார்கள். காட்டியவர்களுக்கும் அலுத்துவிட்டது. சில மாதங்களில் கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. இரவில் கார் ஒன்று இருட்டாக வந்தால்கூட இப்போது முக்கால்வாசிப் பேர் ஒன்றும் சொல்வதில்லை. ஒருமுறை ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவார்கள். அதையும் வழி விடு என்று அதட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஓட்டுபவர் மறப்பதிலும் இப்போது ஒரு நியாயம் இருக்கிறது. அப்போதெல்லாம் காரில் விளக்குப் போட்டால்தான் முன்னால் இருக்கும் கடிகாரமும் வேகம் காட்டும் முள்ளும் எரியும். அது இருட்டாக இருந்தால் விளக்குப் போடவில்லை என்று அர்த்தம். இப்போது சாவியைத் தொட்டாலே திரை முழுவதும் ஜொலிக்கிறது. ஆபீஸின் கீழ்த்தள பார்க்கிங்கில் பகல்போல வெளிச்சம், வெளியே வந்தால் தெருவிலும் பகல்போல வெளிச்சம். பாதை தெரிகிறது, அதனால் விளக்கின் நினைவு வருவதில்லை. அது நமக்குப் பாதை தெரிவதற்கு மட்டும் இல்லை, பின்னால் வருகிறவனுக்கு நம்மைத் தெரிவதற்கும்தான் என்பது மறந்துபோகிறது.

மேலே போனேன். சாப்பாடு போட்டிருந்தார்கள். அக்கா பிதுக்குப் பருப்புக் குழம்பை இரண்டாம் முறை கேட்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. என் மனைவி கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது இலைக்கு மேல் கையை வைத்து மறித்தாள். வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டதற்கும் சரியாகப் பதில் வரவில்லை. வாசலில் இருந்த வேகம் இல்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மணி எட்டரை தாண்டியிருந்தது. நான் எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"அவனுக்கு நானே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை வரச் சொல்லட்டும்."

எனக்குப் புரியவில்லை. காரைக் கொடுத்துவிடப் போகிறாயா என்று கேட்டேன்.

"கொடுக்காம என்ன பண்றது? அல்சூர் ஏரிக்கரையில ஒண்ணுமே தெரியலடா. எதிர்ல வர்றவன் வெளிச்சம் மட்டும் தெரியுது. ரோடு கறுப்பா இருக்கு. மரத்தடியில ஒரு ஆள் நடந்து போறாரு, கிட்ட வந்தப்புறம்தான் பார்த்தேன். கண்ணு போயிடுச்சு எனக்கு. ஒரே நாள்ல இப்படியா போகும்?"

வாசலில் அத்தனை கோபமாக இறங்கியவளுக்குள் இருந்தது கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மணி நேரமாக அவள் அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். நான் கீழே நின்று பழசையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு இல்லக்கா" என்றேன். "லைட்டு. உன் ஹெட்லைட் எரியல. கேட்டுக்கு வரும்போதும் எரியல. அவங்கள்லாம் அதைத்தான் காட்டியிருக்காங்க."

"எரியலையா?"

"எரியல. பின்னாடியும் எரியல."

"நிஜமா? எனக்காகச் சொல்லலையே?"

யாருக்காகவும் எரிந்த விளக்கை எரியவில்லை என்று சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் சிரித்தாள். சத்தமில்லாமல் ஆரம்பித்துத் தோள் குலுங்கியது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். "அப்போ கண்ணு இருக்கு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, குழம்பு மீதி இருக்கிறதா என்று கேட்டாள்.

சாவியை வாங்கிக்கொண்டு நான் கீழே போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் இருக்கும் கோலின் முனையைத் திருகினால் விளக்கு. எப்போதும் அது தானியங்கி இடத்தில் இருக்கும். இப்போது அணைக்கும் இடத்தில் இருந்தது. மேலே வந்து கேட்டேன். காலையில் காரை சர்வீஸுக்கு விட்டதாகவும் மத்தியானம்தான் எடுத்துவந்ததாகவும் சொன்னாள். அங்கே யாரோ திருப்பிவிட்டுத் திரும்ப வைக்காமல் கொடுத்திருக்கிறார்கள். கார் வாங்கிய நாளிலிருந்து அந்தத் திருகை அக்கா தொட்டதே இல்லை. அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் அவளுக்குத் தெரியாது.

"அப்போ என் தப்பு இல்லையே" என்றாள்.

இதற்கு நான் ஆமாம் என்று சொல்லவில்லை. திருகைத் திருப்பியது அவள் தப்பில்லை. ஆனால் தொம்மலூரிலிருந்து இங்கே வரும்வரை கவனிக்காமல் வந்தது வேறு கணக்கு என்றேன். அத்தனை பேர் சொன்னார்களே என்றேன்.

"சொன்னாங்க. நான் பார்க்கல. பார்க்காம இருக்கறதுக்குப் பழகினதே ஓட்டறதுக்காகத்தான். இப்ப எந்தக் கை லைட்டுக்கு, எந்தக் கை என்னைத் திட்டறதுக்குன்னு நான் எப்படிடா பிரிக்கிறது?"

இத்தனை வருடம் நானும் இதே ஊரில் வண்டி ஓட்டியிருக்கிறேன். கையைப் பார்க்காமல் ஓட்ட வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அக்கா மகன் முதலில் என்னைத்தான் கேட்டான். அக்கா போனை என் கையிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் அவளே சொன்னாள். விளக்கு எரியாததை, கைகளை, ஏரிக்கரையை, மரத்தடியில் நடந்த ஆளை. எதையும் குறைக்கவில்லை. கடைசியில் கண் போகவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"லைட் போடாம அவ்ளோ தூரம் ஓட்டினதை இவ்ளோ சந்தோஷமாச் சொல்றியேம்மா" என்றான் அவன்.

"குருடாயிட்டோம்னு நெனச்சுக்கிட்டு ஓட்டினவளுக்குத்தாண்டா தெரியும்."

அவன் சிரிக்கவில்லை. அந்த ஆள் மேல் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். பிறகு, ஆட்டோவில் வகுப்புக்குப் போகலாமே, மாதாமாதம் ஒரே ஆட்டோவை நானே ஏற்பாடு செய்கிறேன் என்றான். யாரோ என்னை எடுத்துக்கொண்டு போய் இறக்கிவிடுவதற்கும் நானே போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அது உனக்கு இந்த வயசில் தெரியாது என்று அக்கா சொன்னாள். குரல் உயரவில்லை. அவன், "மாமா, நீங்க சொல்லுங்க" என்றான்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

பார்த்ததைச் சொன்னேன். நிதானமாக வந்தாள், திரும்பியது சரி, நிறுத்தியது சரி. விளக்கு இல்லை, அது இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. இந்த இரண்டும் உண்மை. இன்று கேட்டால் இருட்டில் தனியாக ஓட்டக் கூடாது என்றுதான் எழுதிக் கொடுப்பேன். அப்படி எழுதினால் லிஃப்டை யாரும் விற்றுவிடுவதில்லை, சரிசெய்து மறுபடி பரிசோதிப்பார்கள் என்றேன். சனிக்கிழமை கண்ணைக் காட்டுவோம். இந்த மாதம் முழுவதும் வகுப்பு முடியும் நேரத்துக்கு நான் தொம்மலூர் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். மாதக் கடைசியில் மறுபடி கேள், சரியில்லை என்றால் நானே சொல்கிறேன் என்றேன்.

அங்கே யாரோ அவனை ஜெர்மன் மொழியில் கூப்பிடுவது கேட்டது. ஒரு நிமிடம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறவனை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான். "மாசக் கடைசி வரைக்கும்தான்" என்றான். பிறகு, "இன்னிக்கு ராத்திரி அங்கயே படுத்துக்கோம்மா" என்றான். படுக்கையை ஏற்கெனவே போட்டாயிற்று என்று அக்கா சொன்னாள். அது உண்மையில்லை. போனை வைத்த பிறகுதான் என் மனைவி பாயையும் தலையணையையும் எடுத்தாள்.

படுக்கும்வரை அக்கா பெரியப்பா வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஆறு மாடிக் கட்டடம் இருக்கிறது, அதன் லிஃப்டை நான் பரிசோதித்திருக்கிறேன் என்றேன். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் காலை கண் விழித்தபோது ஹாலில் விளக்கு எரிந்தது. அக்கா முகம் கழுவி, சால்வை போர்த்தி, கையில் கார் சாவியோடு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வந்துவிட்டால் தெரியாது, இப்போதே வா என்றாள். காபிகூடக் குடிக்காமல் இரண்டு பேரும் கீழே போனோம். வெளியில் இன்னும் இருட்டு. அவள் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். நான் முன்னால் போய் நின்றேன்.

திருகைத் தானியங்கி இடத்தில் வைக்க வேண்டாம், நானே போட்டு நானே அணைத்துக்கொள்கிறேன் என்றாள். முதலில் இடது பக்கக் கோலைத் திருப்பி வைப்பரை ஓட்டினாள். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டது. பிறகு கண்டுபிடித்தாள். ஹெட்லைட் என் சட்டையில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எரிகிறது என்று சொன்னேன்.

"பின்னாடி போய்ப் பாரு" என்றாள்.

போனேன். சாத்திய கேட் முழுவதும் சிவப்பாக இருந்தது. "ரெண்டும் எரியுது" என்றேன். அணைத்தாள். அணைந்ததைச் சொன்னேன். மறுபடி போட்டாள். விரல் தேடாமல் திருகின் மேல் போய் நிற்கும்வரை இப்படியே செய்தோம்.